கேஷ் நம் காசுதானா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய மகள் படிவம் 3 படிக்கிறாள். பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும்போது, "ஆங்கிலத்தில் கேஷ் என்று சொல்கிறார்களே, அது நம் காசு என்ற சொல்தான்" என்று பேசினாளாம். அங்கிருந்த ஒருவர் எல்லார் முன்னாலும், "தப்பு, அது பிரெஞ்சுச் சொல்" என்று திருத்திவிட்டாராம். பிள்ளை வீட்டுக்கு வந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மனம் நோகக் கூடாது என்பதற்காக நடுவில் நின்று இப்படிச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கேஷ் என்று ஒரே எழுத்தில், ஒரே உச்சரிப்பில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நமக்கு ஆறு என்றால் எண்ணும் உண்டு, தண்ணீர் ஓடும் ஆறும் உண்டு. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. அதுபோலத்தான். ஒரு கேஷ் ஐரோப்பாவில் ஒரு பெட்டிக்குள் பிறந்தது. இன்னொரு கேஷ் நம் கரையிலிருந்து கப்பல் ஏறியது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்ததால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. ரோமானியர்கள் ஏட்டுச் சுருள்களைப் போட்டு வைத்த உருளைப் பெட்டிக்கும் அதுதான் பெயர். அது இத்தாலியனில் காஸா ஆயிற்று, பிரெஞ்சில் கேஸ் ஆயிற்று. வணிகர் பணம் போட்டு வைக்கும் பெட்டியையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். 1590களில் ஆங்கிலேயர்கள் அதை எடுத்து கேஷ் என்றார்கள். அப்போது கேஷ் என்றால் பணப்பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1700களில் பெட்டி என்ற பொருள் மெல்ல மறைந்து, பணம் மட்டும் மிஞ்சியது. இன்றைக்கு கேஷ் பாக்ஸ் என்று சொல்கிறவர், சொல்லின் பிறப்பைப் பார்த்தால், பெட்டிப் பெட்டி என்கிறார். நாம் கேட்டுக் கதவு என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்தின் பெயராகும் என்று மகள் கேட்டால், வெளியே எங்கும் தேடிப் போக வேண்டாம். பினாங்கு ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டில் என் மாமாவுக்கு மளிகைக் கடை இருந்தது. பள்ளி முடித்த கையோடு அங்கே கல்லாவில் உட்கார்ந்தவன் நான்; ஒன்பது வருஷம் உட்கார்ந்தேன். மேசையோடு சேர்த்துச் செய்த தேக்குப் பெட்டி அது. மேல்பலகையில் கிண்ணம் கிண்ணமாகக் குடைந்த ஐந்து குழிகள்: 1 காசு, 5 காசு, 10 காசு, 20 காசு, 50 காசு. வெள்ளித் தாள்கள், அதாவது ரிங்கிட் நோட்டுகள், அதற்கு அடியில் இழுப்பறையில். குழிகளின் உட்புறம் காசு உரசி உரசிப் பளபளவென்று வழுக்கும். 20 காசுக் குழிதான் அதிகம் தேய்ந்திருந்தது. மாலையில் மாமா வந்து, "இன்னைக்குக் கல்லா எவ்வளவுடா?" என்பார். பெட்டி எத்தனை அடி நீளம் என்றா கேட்டார்? உள்ளே இருந்த பணத்தைக் கேட்டார். "படம் நல்லாக் கல்லா கட்டுது" என்று இன்றைக்கும் சொல்கிறோம். லண்டன் வணிகர் 400 வருஷத்துக்கு முன் எந்த வழியாகப் பெட்டியிலிருந்து பணத்துக்குப் போனாரோ, அதே வழியாக நாமும் போயிருக்கிறோம். இத்தனைக்கும் கல்லா நம் சொல்லே இல்லை. இந்தியிலும் உருதுவிலும் கல்லா என்றால் தானியம். கடைப் பணப்பெட்டிக்கும் அதே பெயர்.

அப்புறம், அந்த லத்தீன் பெட்டியின் பிள்ளைகள் நம் வீட்டிலேயே நிறைய இருக்கிறார்கள். சூட்கேஸில் வரும் கேஸ், மாத்திரைக் கேப்ஸ்யூல், பழைய பாட்டு கேசட் எல்லாம் காப்ஸாவின் வழி வந்தவை. கேசட் என்றால் சின்னப் பெட்டி, அவ்வளவுதான்.

திருத்தியவர் பக்கம் நிற்கும் வலுவான சான்று வேறு ஒன்று. இத்தாலியில் கடைகளில் பணம் கட்டும் இடத்தில் காஸா என்று எழுதியிருக்கும். பிரான்சில் கேஸ், ஸ்பெயினில் காஹா, ஜெர்மனியில் காஸ்ஸெ. ஜெர்மன்காரரும் இத்தாலியரும் அந்தச் சொல்லை நம் காசிலிருந்து எடுக்கவில்லை, அது லத்தீன் காப்ஸாவிலிருந்து வந்தது. ஆங்கிலேயர்கள் சென்னையில் கால் ஊன்றியதே 1639இல். ஆகவே கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் பெட்டியிலிருந்து வந்தது. இதை மகள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கேஷியர், கேஷ் ரிஜிஸ்டர், கேஷ் ஃப்ளோ, கேஷ்லெஸ் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகளே.

இந்தக் கேஷின் பொருளும் சுவையானது. அது வெறும் பணம் இல்லை. கையில் எண்ணிக் கொடுக்கும் பணம். எதிரில் இன்னொன்று நிற்பதால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. மாமா கடையில் எதிரில் நின்றது கடன். சிவப்பு அட்டை போட்ட கடன் நோட்டில் பெயர் எழுதாதவர்கள் கேஷ் வாடிக்கைக்காரர்கள். இன்றைக்கு எதிரில் நிற்பது கார்டும் கியூஆரும். இதற்குச் சரியான தமிழ் காசு அல்ல, ரொக்கம். மலாயில் துனாய். இதைக் கவனித்தால் ஒன்று புரியும். பொருளளவில் கூட அந்தக் கேஷும் நம் காசும் ஒன்றாக இல்லை. காசு என்றால் நமக்கு நாணயம், அதிலும் சின்ன நாணயம்.

அந்தச் சின்ன நாணயம்தான் இரண்டாவது கேஷ். மகள் தலை நிமிர்ந்து பேச வேண்டியது இங்கேதான்.

காசு தமிழில் மிகப் பழைய சொல். குறுந்தொகை 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சி காட்டுகிறார். கிளி ஒன்று வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. பார்ப்பதற்கு எப்படி இருக்கிறதாம்? பொன் காசை நகத்தால் பிடித்துப் புது நூலில் கோக்கிற ஆளின் விரல் நுனி மாதிரி. பழுத்த வேப்பம்பழம் மஞ்சளாக, நீள் உருண்டையாக இருக்கும். ஆகவே அங்கே காசு என்பது அணிகலனில் கோக்கும் பொன்மணி. காசுமாலை என்று நாம் இன்னும் சொல்லும் நகையில் அந்தப் பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. பிறகு அது நாணயமாயிற்று. வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்லிக் கொடுப்பார்களே, அங்கேயும் காசு உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ப் பாடம் எடுக்கும் பிள்ளை என்பதால் இதைச் சொல்கிறேன், அவளுக்கு உதவும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு கணக்கு நிறைய வருகிறது. கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் வட்டிக்கு எடுத்துக்கொள்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. கணக்கு எழுதியே வாழ்ந்தவன் என்பதால், கல்லில் வெட்டிய அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். காசு என்ற சொல்லைச் சமஸ்கிருதத்தின் கர்ஷம் என்ற எடைப் பெயரோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஆங்கிலோ இந்தியச் சொற்களுக்கு 1886இல் பெரிய அகராதி செய்த யூலும் பர்னலும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் கேஷ் பக்கம் போன சொல் பெரும்பாலும் காசுதான் என்றே அவர்களும் கருதினார்கள்.

எப்படிப் போனது? போர்த்துக்கீசியர் வாய் வழியாக. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தவர்கள் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். போகும் வழியெல்லாம் சந்தைகளில் புழங்கிய மலிவான சின்ன நாணயங்களை அவர்கள் காய்ஷா என்று எழுதினார்கள். காசு ஏன் காய்ஷா ஆயிற்று என்பதற்கு என் கணிப்பு இது. மலையாளத்தில் காசு என்பதைக் காஷு என்பது போலத்தான் சொல்வார்கள். அந்த ஒலி அவர்கள் காதில் விழுந்திருக்கும். அதோடு, அவர்கள் மொழியில் காய்ஷா என்று ஒரு சொல் ஏற்கனவே இருந்தது. என்ன பொருள் தெரியுமா? பெட்டி. அதே லத்தீன் காப்ஸாதான். தெரியாத சொல்லைக் கேட்டால் தெரிந்த சொல்லின் உருவத்தில் போட்டுக்கொள்வது மனித இயல்பு. இரண்டு சொற்களும் முதன்முதலில் கை குலுக்கிக்கொண்டது அங்கேதான். ஆங்கிலத்தில் அவை ஒரே எழுத்தில் வந்து நின்றதற்கு இதுவும் காரணம்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும். லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி ஒரு பயண நூல் எழுதினார். 1598இல் அது ஆங்கிலத்தில் வந்தது. ஜாவாவின் மேற்கே சுண்டா பகுதியைப் பற்றி அதில் சொல்கிறார்: அங்கே காய்ஷா என்ற செப்பு நாணயத்தைத் தவிர வேறு பணம் கிடையாது, அளவில் ஹாலந்தின் துட்டு போல இருக்கும், ஆனால் அதில் பாதித் தடிப்பு கூட இல்லை, நடுவில் ஓட்டை, இருநூறு, ஆயிரம் என்று கயிற்றில் கோத்து வைப்பார்கள்.

துட்டு என்று நான் எழுதியது மொழிபெயர்ப்பு வசதிக்காக இல்லை. டச்சுக்காரரின் அந்தச் செப்பு நாணயத்துக்கு டெய்ட் என்று பெயர். அதுதான் தமிழில் துட்டு. அதேதான் மலாயில் டூயிட். "டூயிட் அடாகா?" என்று பசாரில் கேட்கும் மலாய்க்காரரும், "துட்டு இருக்கா?" என்று கேட்கும் நம் ஆளும் ஒரே டச்சுச் செம்பைத்தான் கேட்கிறார்கள். நம்மிடமிருந்து போன காசும், நம்மிடம் வந்த துட்டும் 400 வருஷத்துக்கு முன் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கொடுத்ததை மட்டும் பேசிவிட்டு வாங்கியதை விட்டுவிட்டால் மேடைப்பேச்சு பாதிதான் நிற்கும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

ஓட்டை போட்ட நாணயம் என்றதும் பினாங்குக்காரர்களுக்கு உடனே கண்ணில் தெரியும். ஆர்மீனியன் ஸ்திரீட் பக்கம் பழம்பொருள் கடைகளில் சிவப்புக் கயிற்றில் மூன்று மூன்றாகக் கட்டித் தொங்கும் சீன நாணயங்கள். வெளியே வட்டம், நடுவில் சதுர ஓட்டை, சுற்றிலும் நான்கு சீன எழுத்துகள். சீனக் கடைகளில் கல்லாவுக்கு மேலேயே தொங்கவிட்டிருப்பார்கள். உலகம் முழுக்க நாணயம் சேர்ப்பவர்கள் ஆங்கிலத்தில் அதைக் கேஷ் என்கிறார்கள். சீனர்கள் அதைக் கேஷ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களுக்கு அது வென், அல்லது சியென். கேஷ் என்ற பெயர் போர்த்துக்கீசியரின் காய்ஷாவிலிருந்து, அதாவது காசிலிருந்து, ஆங்கிலேயர் சூட்டியது. தமிழ்ச் சொல் ஒன்று சீன நாணயத்துக்கு ஆங்கிலப் பெயராக இருக்கிறது. அந்தச் சீன நாணயம் பினாங்கில் நம் கண்ணெதிரே தொங்குகிறது. இதைவிட நல்ல உதாரணம் பேச்சுப் போட்டிக்கு எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டுக் கரையிலும் கேஷ் என்ற பெயர் அரசாங்கக் கணக்கிலேயே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. பணத்தை ஆங்கிலேயர் ஃபணம் என்றார்கள், வராகனைப் பகோடா என்றார்கள். காசைத்தான் கேஷ் என்றார்கள். 1818 வரை இந்தக் கணக்கு ஓடியது, பிறகு ரூபாய் வந்தது. 1803லும் 1808லும் இங்கிலாந்திலேயே சென்னைக்காக இருபது கேஷ் செப்பு நாணயம் அடித்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தும், அதற்குக் கீழே ரோமன் இலக்கத்தில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ் என்ற சொல்லும். 1808ஆம் ஆண்டு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980களில் முக்குளித்து லட்சக்கணக்கில் எடுத்தார்கள். அதனால்தான் அந்த நாணயம் இன்று சேகரிப்பவர்களிடம் எளிதாகக் கிடைக்கிறது. என்னிடம் ஒன்று இருக்கிறது. நம் 50 காசை அதன் மேல் வைத்தால் சுற்றிலும் செப்பு விளிம்பு தெரியும். சென்னைச் சந்தையில் யார் கைக்கும் போய்ச் சேராத காசு அது.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். என் பாட்டி நாகர்கோவில் பக்கத்தவர். அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். பாட்டி பினாங்குக்குக் கப்பல் ஏறி வந்தபோது சுருக்குப்பையில் கிடந்த ஒரு காசு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, சங்கு பொறித்தது, ஆங்கிலத்தில் கேஷ் என்று போட்டிருக்கும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் அதைக் காசு என்றார், அதில் எழுதியிருந்ததும் காசுதான். 1949 வரைக்கும் அந்த நாணயம் அடித்தார்கள். ஆகவே இரண்டாவது கேஷ் ஏதோ பழைய ஏட்டில் மட்டும் இருக்கும் சொல் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

கேஷ் போலவே ஒலிப்பதையெல்லாம் இதில் சேர்த்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் வரும் கேஷ் ஒளித்து வைத்தல் என்ற பிரெஞ்சுச் சொல். முந்திரிக்கு ஆங்கிலத்தில் கேஷ்யூ என்பது பிரேசிலின் பழங்குடி மொழியிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. மலாயில் காஜூஸ் என்பதும் அதுவே. ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலையிலிருந்து நீக்குவதற்கு ஆங்கிலத்தில் கேஷியர் என்றே ஒரு வினைச்சொல் இருக்கிறது. அதற்கும் பணம் வாங்கும் கேஷியருக்கும் உறவு கிடையாது. ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. எட்டும் ஆங்கில எய்ட்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஆனால் எய்ட் லத்தீன் ஆக்டோவோடும் சமஸ்கிருத அஷ்டத்தோடும் சேர்ந்தது, நம் எட்டோடு அல்ல. மேடையில் சிலர் இதையும் தமிழ் என்று முழங்குகிறார்கள். கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நம்மிடமிருந்து உண்மையிலேயே போன சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணி, கறி எல்லாம் இருக்கும்போது இரவல் பெருமை எதற்கு? ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டு வாங்கினால், சரியாகக் கேட்கும் ஒன்பது சொற்களையும் அடுத்தவர் நம்ப மாட்டார்.

மலாய் மொழியைப் பார்த்தால் நம் கடைத்தெருவே அதற்குள் இருக்கிறது. கடை கெடாய் ஆயிற்று, வியாபாரத்தில் போடும் முதல் மோடால் ஆயிற்று, கப்பல் காப்பால். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கிகள் இன்னும் சில நிற்கின்றன. அந்தக் கிட்டங்கியும், மலாய் கூடாங்கும், துறைமுகத்தில் நாம் சொல்லும் கோடவுனும் ஒரே குடும்பம்; மூலம் தமிழ்க் கிடங்கா தெலுங்குக் கிட்டங்கியா என்பதில் மட்டும் அறிஞர்களுக்குள் பேச்சு உண்டு. ஆனால் காசு மட்டும் மலாய்க்குள் நாணயப் பெயராகப் போய் நிலைக்கவில்லை. கிளந்தானிலும் திரங்கானுவிலும் ஈயத்தில் வார்த்த ஓட்டை நாணயங்களுக்குப் பீத்திஸ் என்றே பெயர். ரிங்கிட் என்பது ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் பல்பல்லான விளிம்பைக் குறித்த சொல். அந்த வெள்ளியைத்தான் நாமும் "அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளி" என்று தாள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருக்கிறோம். 'சென்' என்ற மலேசியச் சில்லறையை நாம் காசு என்கிறோம். அரசாங்கம் எந்தப் பெயர் போட்டாலும், சின்னதாக வட்டமாக உலோகத்தில் இருந்தால் தமிழனுக்கு அது காசுதான். போர்த்துக்கீசியர் கேட்டபோதும் நம் ஆட்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

சகோதரி, போட்டியில் மகள் அந்த வரியை எடுத்துவிட வேண்டாம். கொஞ்சம் மாற்றினால் போதும். "ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று லத்தீன் பெட்டி. இன்னொன்று நம் காசு, அது போர்த்துக்கீசியர் வழியாகப் போய்ச் சீன நாணயத்துக்கே பெயராயிற்று" என்று சொல்லட்டும். திருத்தியவரும் மறுக்க முடியாது. நல்ல அகராதி எதிலும் இரண்டும் தனித்தனித் தலைப்பாகவே இருக்கும். அவர் சொன்ன பாதியும் சரி என்பதை மகள் அவரிடமே போய்ச் சொன்னால் இன்னும் நல்லது.

போட்டிக்கு முன் ஒரு சனிக்கிழமை ஃபெர்ரியில் இந்தப் பக்கம் வாருங்கள். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் ஒரு சீன நாணயம் வாங்கிக் கொடுங்கள், விலை அதிகம் இருக்காது. அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தால், பாட்டியின் காசை எடுத்து வைக்கிறேன். இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் பார்க்கட்டும்.